விட்டுப்போன சில மாதங்கள்

ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரம். சுற்றிலும் கருத்த லாவாப் பாறை, மரமில்லை, ஊரில்லை. 1958 மார்ச்சில் அங்கே ஓர் அகச்சிவப்புக் கருவி காற்றை அளக்கத் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் சார்லஸ் டேவிட் கீலிங், வயது 29. முதல் அளவு: பத்து லட்சத்துக்கு 313 பங்கு கார்பன் டை ஆக்சைடு.

நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் விடும் கார்பனைக் கடல் விழுங்கிவிடும் என்றுதான் அதுவரை பலர் நம்பினார்கள். கடல் எவ்வளவு பெரிசு! ஆனால் கடல்நீரின் வேதியியல் அவ்வளவு எளிதில் அதை உள்ளே விடாது என்று 1957இல் ரோஜர் ரெவெலும் ஹான்ஸ் சூயஸும் எழுதினார்கள். சரி, அப்போ மிச்சம் காற்றிலேயே தங்குதா? பதில் சொல்ல நம்பகமான தொடர் அளவீடு யாரிடமும் இல்லை.

கீலிங்கின் எண்கள் முதலில் குழப்பின. மே வரை ஏறின, பிறகு இறங்கின, இலையுதிர் காலத்தில் மறுபடி ஏறின. கருவிக் கோளாறா? இல்லை. வடகோளத்தின் செடிகொடிகள் கோடையில் கார்பனை இழுத்துக்கொள்கின்றன. பிறகு இலைகள் மட்கும்போது அது காற்றுக்கே திரும்புகிறது. நிலத்துக்கும் காற்றுக்கும் நடுவிலான வருடாந்திரக் கொடுக்கல் வாங்கல் அது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கணக்கு முடியும்போது கோடு பழைய இடத்துக்கு வரவில்லை. கொஞ்சம் மேலேயே நின்றது.

இந்த நேரத்தில்தான், 1964இல், அரசு நிதி வெட்டப்பட்டு மௌனா லோவாவில் அளவெடுப்பு சில மாதங்கள் நின்றது. பிந்தைய ஆண்டுகளிலும், 'இது வெறும் கண்காணிப்பு வேலைதானே, ஆராய்ச்சியா?' என்ற கேள்வியோடு கீலிங் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சர்வர் லாக் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வலி புரியும். ஒரு நாள் லாக் ஒண்ணும் சொல்லாது. பத்து வருஷ லாக் எல்லாத்தையும் சொல்லும். எழுதாமல் விட்டதைப் பின்னாடி போய் எழுதவும் முடியாது. துருவப் பனியின் குமிழிகளில் பழைய காற்று கிடைக்கும்தான், மாதவாரியாகக் கிடைக்காது.

2005இல் கீலிங் இறந்தார். மகன் ரால்ஃப் கீலிங் வேலையைத் தொடர்கிறார். 2024இன் சராசரி 424ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளிவிடுவதில் ஏறக்குறையப் பாதி காற்றில் தங்குகிறது; மீதியைக் கடலும் நிலமும் வாங்கிக்கொள்கின்றன. இதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதே அந்தக் கோட்டால்தான்.

2022 நவம்பரில் மௌனா லோவா வெடித்தது. லாவா, நிலையத்தின் சாலையையும் மின்சாரத்தையும் துண்டித்தது. அடுத்த மாதமே எதிரிலிருந்த மௌனா கியா மலையில் அளவெடுப்பு தொடங்கியது. எரிமலையால் போனது சில நாட்கள். 1964இல் பட்ஜெட்டால் போனது சில மாதங்கள்.