மழலையுடன் பேசுவோம்

யாழ்ப்பாணத்தில் விஜயதசமி நாளன்று குழந்தைகளுக்கு ஏடு தொடக்குவது நீண்டகால மரபு. முஸ்லிம் இல்லங்களிலோ பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்லப்படுகின்றது. கல்வி ஏட்டில் தொடங்குகின்றதா, செவியில் தொடங்குகின்றதா எனக் கேட்டால், செவியில்தான் என்பதே மூளை விஞ்ஞானம் தரும் விடையாகும்.

கருவின் இறுதி மாதங்களிலேயே சிசு தாயின் குரலைக் கேட்கின்றது. பிறந்த பின்னர் அதன் மூளைக் கலங்களுக்கிடையே இணைப்புகள் மிக விரைவாகப் பெருகுகின்றன. பயன்படுத்தப்படும் இணைப்புகள் வலுப்பெற, ஏனையவை படிப்படியாக அகல்கின்றன. ஐந்து வயதாகும்போது மூளை, வளர்ந்தவரின் மூளையளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடுகின்றது.

கனடாவில் நடத்தப்பட்டு 1984ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் குழந்தைகள், ஆறு முதல் எட்டு மாதங்களில் ஹிந்தியிலுள்ள 'ட', 'த' போன்ற ஒலிகளை வேறுபடுத்தி அறிந்தனர். ஒரு வயதை நெருங்கும்போது அத்திறன் பெரிதும் மங்கியது. நம் குழந்தைகளின் செவி தமிழுக்குப் பழகுவதும் இதே பருவத்தில்தான். 2003ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் நேரில் பேசியவரிடமிருந்து சீன மொழி ஒலிகளைக் கற்றனர். அதே பேச்சைத் திரையில் கண்டவர்கள் கற்கவில்லை.

இது நமது குடாநாட்டுக்கு அவசியமான பாடமாகும். யுத்தமும் புலப்பெயர்வும் நம் குடும்பங்களைப் பிரித்துவிட்டன. 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் உறவுகள் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலுமாகப் பிரிந்துள்ளன. பேச்சுக் கொடுக்க அம்மம்மாவோ உம்மம்மாவோ இல்லாத வீட்டில் கைத்தொலைபேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. தூரத்து உறவினருடன் காணொளியில் உரையாடுவது வேறு. அங்கே மழலைக்கு மறுமொழி கிடைக்கின்றது. தானாக ஓடும் படக்காட்சி மறுமொழி கூறாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் திரைக்கு முன் அமர்த்துவதை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் பரிந்துரைக்கவில்லை.

பொதுவாக ஒரு வயதளவில் முதற்சொல் பிறக்கும். இரண்டு வயதளவில் இரு சொற்கள் இணையும். தாமதம் தென்பட்டால், "ஆண் பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்று காத்திருத்தல் தவறு. முதலில் செவிப்புலனைப் பரிசோதிக்க வேண்டும். வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தாய்மார் தயங்காது கூறுதல் வேண்டும். தமிழில் பணியாற்றக்கூடிய பேச்சுச் சிகிச்சையாளர்களைப் போதியளவில் உருவாக்குவது அரசின் கடமையாகும்.

குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் குழந்தையுடன் பேசுவதற்குப் பணம் தேவையில்லை. நேரமும் மனமுமே தேவை. அதனை நம் பிள்ளைகளுக்கு மறுப்போமாயின், பின்னர் எத்தனை பிரத்தியேக வகுப்புகளுக்கு அனுப்பினாலும் அவ்விழப்பை ஈடுசெய்வது எளிதன்று.