ஓடை நுரையில் பிறந்த வாசகம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், ஓஹையோ நதிக்கரை ஊர் பார்க்கர்ஸ்பர்க். டூபான்ட் கம்பெனியின் ரசாயன ஆலைதான் அங்கே பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது. 1990களில் ஊருக்கு வெளியே ஒரு விவசாயியின் மாடுகள் வரிசையாகச் செத்து விழுந்தன. அவை தண்ணீர் குடித்த ஓடையில் வெள்ளை நுரை பொங்கியது. ஓடைக்கு மேலே ஆலையின் கழிவுக்கிடங்கு. உள்ளூரில் யாரும் வாய் திறக்கவில்லை. செத்த மாட்டைத் தானே அறுத்து, கறுத்துப்போன பற்களை வீடியோ எடுத்து வைத்தார் அவர்.

1998இல் சின்சினாட்டி வக்கீல் ராப் பிலாட்டுக்குப் போன் போட்டார். பிலாட்டோ ரசாயனக் கம்பெனிகளின் வக்கீல். பேச்சு முறியவிருந்த நேரத்தில் விவசாயி ஒரு பெயரைச் சொன்னார். அது பிலாட்டுடைய பாட்டியின் பெயர்!

வழக்கை பிலாட் ஏற்றுக்கொண்டார்; 1999இல் டூபான்ட் மீது வழக்கு பதிவானது. ஆனால், மாடுகளைச் சரியாகப் பராமரிக்காததே காரணம் என்று கால்நடை மருத்துவர் குழு அறிக்கை தந்தது. வழக்கு சாயும் நிலையில், டூபான்ட் அரசுக்கு எழுதிய ஒரு கடிதம் பிலாட் கண்ணில் பட்டது. அதில் அவர் கேள்விப்படாத ஒரு ரசாயனம்: பி.எஃப்.ஓ.ஏ.

நீதிமன்ற உத்தரவால் பெட்டி பெட்டியாக 1,10,000 பக்கங்கள் வந்து இறங்கின. அலுவலகத் தரையில் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கினார். நான்ஸ்டிக் பாத்திரங்களில் பூசும் டெஃப்லானின் தயாரிப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்த்த பொருள் அது. விலங்குகளின் கல்லீரலை அது பாதிப்பது 1960களிலேயே கம்பெனிக்குத் தெரியும். பக்கத்து ஊர்க் குழாய்த் தண்ணீரில் அது கலந்திருப்பதை 1984இலேயே சோதித்து அறிந்தும் மக்களிடம் மூச்சு விடவில்லை. மாட்டு வழக்கு மனிதர்களின் வழக்காக மாறியது.

2001இல் ஊர்மக்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2004 சமரசத்தில் கடுமையான நிபந்தனை: நோய்க்கும் ரசாயனத்துக்கும் தொடர்பு உண்டா என்று விஞ்ஞானிகள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த நோய்க்காக வழக்கே கிடையாது. தலைக்கு 400 டாலர் என்றதும் சுமார் 69,000 பேர் ரத்தம் கொடுக்க வந்தார்கள். முடிவுக்காகப் பல வருடக் காத்திருப்பு. அதைப் பார்க்காமலே 2009இல் அந்த விவசாயி இறந்துபோனார்.

2012இல் விடை முழுமையானது. சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு கோளாறு உட்பட ஆறு நோய்களுக்குத் தொடர்பிருக்க வாய்ப்பு அதிகம் என்றது விஞ்ஞானிகள் குழு. 3,500க்கும் மேற்பட்ட வழக்குகளுக்காக 2017இல் டூபான்ட் தரப்பு சுமார் 67 கோடி டாலர் தர நேர்ந்தது.

இதற்கிடையே, பிலாட் 2001இல் அனுப்பிய புகாரால் விழித்துக்கொண்ட அமெரிக்க அரசு நெருக்கவே, 2015க்குள் இந்த ரசாயனத்தைக் கைவிட எட்டுக் கம்பெனிகள் 2006இல் சம்மதித்தன. நம் பாத்திரக்கடை நான்ஸ்டிக் தோசைக்கல்லின் மேல் ஒட்டியிருக்கும் 'பி.எஃப்.ஓ.ஏ இல்லாதது' என்ற ஸ்டிக்கர் பிறந்தது இப்படித்தான்.

அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த ரசாயனம் ஜென்எக்ஸ். வட கரோலினாவின் வில்மிங்டன் நகரக் குடிநீரில் அது கலந்திருப்பது 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதைப் பற்றி அந்த ஸ்டிக்கர் எதுவும் சொல்வதில்லை.