ரேடியோ கார்களில் நைட்ரோ எஞ்சினை நிறுத்துதல்

நைட்ரோ எஞ்சின் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருளில் ஓடும் மிகச் சிறிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின். ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் மாதிரிக் கார்களில் பொருத்தப்படுபவை பெரும்பாலும் 2 முதல் 5 சிசி வரை கொள்ளளவு உள்ளவை. 1/8 அளவுப் பந்தயக் கார்களுக்கு 3.5 சிசி உச்சவரம்பு. அளவில் சிறிதானாலும் நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். நன்றாக ஓடும்போது சிலிண்டர் தலை 100 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறியிருக்கும். இதற்குச் சாவி கிடையாது, தீப்பொறியை வெட்டும் சுவிட்சும் கிடையாது. எரிபொருள், காற்று, சுழற்சி இம்மூன்றில் ஒன்றைத் தடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

சுவிட்ச் இல்லாமல் போனதற்குக் காரணம் பிளாட்டினம். சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கை ஆராய்ந்துவந்த ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, சூடாக்கிய பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த இடத்தில் வைத்தால் சுடரே இல்லாமல் அது தொடர்ந்து கனன்றுகொண்டிருப்பதைக் கண்டு 1817இல் வெளியிட்டார். 1823இல் ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர், பிளாட்டினப் பஞ்சின்மேல் ஹைட்ரஜனைப் பாய்ச்சி நெருப்பு உண்டாக்கினார். உரசும் தீக்குச்சி விற்பனைக்கு வராத காலம் என்பதால் அவருடைய விளக்கு ஐரோப்பிய வீடுகளில் பரவலாகப் புழங்கியது. தான் மாறாமல் பிற பொருள்களின் வினையைத் தூண்டும் இந்த இயல்புக்கு 1835இல் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ் சூட்டிய பெயரே தமிழில் வினையூக்கம் என வழங்குகிறது.

மாதிரி எஞ்சின்களுக்குள் பிளாட்டினம் நுழைய மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1930களில் அமெரிக்காவில் புகழ்பெற்ற பிரௌன் ஜூனியர் போன்ற எஞ்சின்கள் பெட்ரோலில், தீப்பொறி பிளக்கோடு ஓடியவை. காயில், கண்டன்சர், பேட்டரி என்று கூடவே ஒரு சுமை. ஆனால் நிறுத்துவது எளிது: மின்சுற்றைத் துண்டித்தால் போதும். கட்டுப்பாடின்றிப் பறக்கவிடப்பட்ட மாதிரி விமானங்களில் சிறு டைமர் ஒன்றே குறித்த நேரத்தில் அதைச் செய்துவிடும். 1947இல் நியூயார்க்கைச் சேர்ந்த ரே ஆர்டன் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிளக்கின் அடியில் உள்ள பிளாட்டினக் கம்பிச்சுருளை ஒன்றரை வோல்ட் மின்கலம் ஒன்றால் சிவக்கச் சூடாக்கி எஞ்சினைக் கிளப்பினால் போதும். மின்கலத்தைக் கழற்றிய பிறகும் எரிதலின் வெப்பம், அமுக்கத்தின் வெப்பம், மெத்தனால் ஆவியோடு பிளாட்டினம் நிகழ்த்தும் வினை ஆகியவை சேர்ந்து சுருளைக் கனலவைத்திருக்கும். காயிலும் கண்டன்சரும் போன கையோடு சுவிட்சும் போயிற்று. விமானக்காரர்கள் டைமரை மாற்றியமைத்தார்கள்: ஒருவகை எரிபொருள் குழாயை நெரித்தது, மற்றொருவகை எஞ்சினுக்குள் எரிபொருளை வெள்ளமாகப் பாய்ச்சி மூச்சடைக்க வைத்தது. இன்று கார்க்காரர்கள் கையால் செய்யும் முறைகளில் இரண்டு இவற்றை ஒத்தவை.

1960களின் பிற்பகுதியில் இருந்து ரேடியோ கார்களில் ஏறிய எஞ்சின்கள் விமான எஞ்சின்களின் வழிவந்தவை. 1936இல் ஒசாகாவில் தொடங்கிய ஓ.எஸ். நிறுவனம் இரண்டு வகையையும் செய்கிறது. விமானத்தில் விசிறிக்காற்றே எஞ்சினைக் குளிர்விக்கும். காரில் அந்த வசதி இல்லாததால் சிலிண்டர் தலைக்குப் பெரிய அலுமினிய மடிப்புத் தகடுகளும், தண்டுக்கு ஃப்ளைவீலும் கிளட்சும் சேர்ந்தன.

நிறுத்தும் முறைகளில் முதலாவதும் சிறந்ததும் எரிபொருளை வெட்டுவது. டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சிலிக்கான் குழாயை விரலாலோ சிறு கிளிப்பாலோ நெரித்துப் பிடித்தால், குழாயில் மிஞ்சியதைக் குடித்து ஓரிரு நொடி வேகம் கூடி, பிறகு எஞ்சின் சட்டென்று நிற்கும். டேங்கில் இரண்டு குழாய்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொன்று புகைக்குழாயிலிருந்து அழுத்தம் கொண்டுவருவது; புதியவர்கள் பதற்றத்தில் அதைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் நிற்கவில்லையே என்று திகைப்பது வழக்கம். எரிபொருளோடு எண்ணெயும் நின்றுவிடுவதால் அந்தக் கடைசி நொடிகளில் பிஸ்டன் தேயும் என்று ஒரு சாரார் சொல்வதுண்டு. மெதுவோட்டத்தில் நிறுத்தும்போது அந்தத் தேய்மானம் பொருட்படுத்தத் தக்கதல்ல; எஞ்சினுக்குள் ஈர எரிபொருள் தேங்காமல் போவதே பெரிய ஆதாயம்.

இரண்டாவது, புகைக்குழாயின் முனையை அடைப்பது. கைப்பிடியுள்ள ரப்பர் அடைப்பானோ தடித்த துணியோ வேண்டும். வெறும் விரல் வெந்துவிடும். புகை வெளியேறாமல் எஞ்சின் திணறி நிற்கும். அதே அழுத்தம் டேங்குக்கும் போய் எரிபொருளைக் கூடுதலாகத் தள்ளுவதால் உட்புறம் நனைந்துவிடுகிறது. பிஸ்டனுக்கு மேல் திரவம் தேங்கிய எஞ்சினை அடுத்த முறை வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். மூன்றாவது, சேசிஸின் அடியில் உள்ள திறப்பு வழியாக ஸ்க்ரூடிரைவரின் பிடியை ஃப்ளைவீலில் அழுத்திச் சுழற்சியை நிறுத்துவது. பந்தயக் களங்களில் இது சகஜம், வேகமானதும்கூட. ஆனால் முழு வேகத்தில் செய்தால் ஃப்ளைவீல் தளரும், ராடு அதிரும். உலோக முனையை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கார்புரேட்டர் வாயை மூடுவது நான்காவது. மைதானப் புழுதி நேராக எஞ்சினுக்குள் போக இதைவிட நல்ல வழி இல்லை. டிரான்ஸ்மிட்டரின் டிரிம்மைக் குறைத்துக் காற்றுவழியை முழுதும் மூடுவதும் சில கார்களில் பலிக்கும்.

எம்முறையானாலும் ஆக்சிலேட்டரை விட்டு, எஞ்சினைச் சில நொடி மெதுவோட்டத்தில் வைத்த பிறகே நிறுத்த வேண்டும். காரைத் தூக்கிப் பிடித்துச் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்க ஆக்சிலேட்டரைக் கொடுக்கக் கூடாது. சுமையில்லாத எஞ்சின் தாங்கும் வேகத்தைத் தாண்டிவிடும். அடுத்தது ரேடியோ. எஞ்சின் நின்ற பின் காரின் ரிசீவர், கடைசியில் டிரான்ஸ்மிட்டர் என்ற வரிசை மாறக் கூடாது. ஓடும் எஞ்சினோடு டிரான்ஸ்மிட்டரை முதலில் அணைத்தால் கார் யார் சொல்லையும் கேட்காது. சிக்னல் அறுந்தால் பிரேக்குக்குப் போகும்படி அமைக்கும் ஃபெயில்சேஃப் வசதி 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளில் பொதுவாக உண்டு. ஆனால் காரிலுள்ள பேட்டரியே தீர்ந்துவிட்டால் அதுவும் உதவாது. அந்த நிலைக்கு கார்புரேட்டர் கையை மூடிய பக்கம் இழுத்துவைக்கும் ஒரு சிறு ஸ்பிரிங்தான் காவல்.

நின்ற எஞ்சினைக் கவனிப்பதும் நிறுத்தத்தின் பகுதியே. மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; நைட்ரோமீத்தேன் எரிந்ததில் அமில எச்சம் தங்கும்; இரண்டும் சேர்ந்து பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே டேங்கைக் காலிசெய்து, எஞ்சினை மறுபடி கிளப்பி மிச்சத்தை எரித்துவிட்டு, பிளக்கைக் கழற்றிய துளையில் சில சொட்டு பாதுகாப்பு எண்ணெய் விட்டுச் சுழற்றுவார்கள். எரிபொருளிலேயே உள்ள எண்ணெயில் ஒரு பங்கு ஆமணக்கு எண்ணெய், அதாவது விளக்கெண்ணெய். ஓட்டத்தில் நன்றாகக் காப்பாற்றும், நின்ற பிறகு பிசினாக இறுகும். இன்னொரு நுட்பம் பிஸ்டன் நிற்கும் இடம். குரோமிய முலாம் பூசிய பித்தளை உறை மேலே செல்லச் செல்லக் குறுகுவது. பிஸ்டன் உச்சியில் நின்று ஆறினால் சுருங்கும் உறை அதைக் கவ்விக்கொள்ளும். அதனால் சூடு ஆறுமுன் ஃப்ளைவீலைக் கையால் திருப்பி, பிஸ்டனை அடிநிலையில் நிறுத்துவார்கள். பலர் ஃப்ளைவீலில் அந்த இடத்துக்குப் பேனாவால் புள்ளி வைத்திருப்பார்கள்.

மெத்தனால் தீயின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. காற்று நடுங்குவதும் பெயிண்ட் கொப்பளிப்பதுமே அறிகுறி. எனவே சூடான எஞ்சின் அருகே டேங்கை நிரப்புவதோ வடிப்பதோ கூடாது. தண்ணீரில் கலப்பதால் நிறையத் தண்ணீர் ஊற்றி இத்தீயை நீர்க்கச் செய்து அணைக்கலாம். பெட்ரோல் தீக்கு இது பொருந்தாது. மெத்தனால் நஞ்சும்கூட; 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற கள்ளச்சாராயத்தில் இருந்தது இதுதான். குழாயை வாயால் உறிஞ்சி டேங்கைக் காலிசெய்யும் பழக்கம் பார்வையையோ உயிரையோ பறிக்கக்கூடியது. ஓடும் எஞ்சின் கார்பன் மோனாக்சைடும் கக்குவதால் மூடிய அறையில் அதைக் கிளப்பக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 பிப்ரவரி முதல் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்களுக்கு உரிமமின்றி விற்பதைத் தடுத்துள்ளது; வெடிமருந்து தயாரிக்கப் பயன்படலாம் என்பதே காரணம். பொழுதுபோக்குக் கார்களில் பெரும்பகுதி இப்போது லித்தியம் பேட்டரியும் மின்மோட்டாரும் கொண்டவை. அவற்றுக்குச் சுவிட்ச் உண்டு.