பிடி தானியத்தில் வளர்ந்த பள்ளிகள்

தொழில் நாடி வந்தோர்க்கு வந்த ஊரின் சாலைகள் விரைவில் பழகிவிடுகின்றன. அவ்வூரின் வரலாறு அத்துணை எளிதில் பழகுவதில்லை. 1954ஆம் ஆண்டில் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை எழுந்தது. 1960களின் தொடக்கத்தில் ஆகுர்டியில் பஜாஜ் நிறுவனத்தார் தொழிற்சாலை அமைத்தனர். இவை போன்ற ஆலைகளை நம்பி நம்மவர் பலர் இப்பகுதியிற் குடியேறினர். ஆலையின் வாயிலை நன்கறிந்த நாம், நம் மக்கள் பயிலும் உயர்நிலைப் பள்ளியின் வாயிலுக்குள் எத்தனை முறை சென்றிருக்கிறோம்? கட்டணம் செலுத்தவும் மதிப்பெண் அட்டையில் ஒப்பமிடவும் அன்றி வேறெதற்கேனும் சென்றதுண்டா? இவ்வினாவை நெஞ்சில் நிறுத்தி, நாம் வாழும் இம்மண்ணின் கல்வி வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1848ஆம் ஆண்டில் புனே நகரத்துப் பிடே வாடாவில் சோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். அவர்தம் பள்ளியிற் பயின்ற முக்தா சால்வே என்னும் சிறுமி, ஒடுக்கப்பட்ட தம் மக்களின் துயரைக் குறித்துக் கட்டுரையொன்று எழுதினாள். அது 1855இல் ‘ஞானோதயம்’ என்னும் மராத்தி இதழில் வெளிவந்தது. மாணவர் என்போர் பாடத்தைக் கேட்டு ஒப்பிப்பவர் மட்டுமல்லர். தம் சமுதாயத்தைப் பற்றிச் சிந்திக்கவும் பேசவும் வல்லவர் என்பதை அச்சிறுமி அன்றே காட்டிவிட்டாள்.

நகரத்தில் ஏற்றிய விளக்கைச் சிற்றூர்களுக்குக் கொண்டு சென்றவருள் தலையாயவர் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல். கோலாப்பூரையடுத்த கும்போஜ் என்னும் ஊரில் 1887இல் பிறந்த இவர், கிர்லோஸ்கர் நிறுவனத்தின் இரும்புக் கலப்பைகளை உழவரிடம் விற்கும் பணி செய்தவர். ஊரூராய்த் திரிந்தபோது உழவர் மக்களின் கல்லாமையைக் கண்ணாரக் கண்டார். 1919ஆம் ஆண்டில் கராடு நகரையடுத்த காலே என்னும் சிற்றூரில் ‘ரயத் சிட்சண் சன்ஸ்தா’ என்னும் கல்விக் கழகத்தை நிறுவினார். ரயத் என்பது குடியானவரைக் குறிக்கும் சொல். ரயத்துவாரி முறையை அறிந்த நமக்கு அச்சொல் புதிதன்று.

செல்வர் துணையின்றிக் கழகம் எவ்வாறு நடந்தது? வீடுதோறும் பெண்கள் சமையலுக்கு எடுக்கும் தானியத்தில் ஒரு பிடியைப் பள்ளிக்கென ஒதுக்கி வைத்தனர். அதற்கு ‘முட்டி நிதி’ என்று பெயர். நம் தாய்மார் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கத்திற்கு அஃது உடன்பிறப்பு அன்றோ! விடுதி மாணவர் பசித்திருக்கக் கூடாதென்று, பாவுராவின் துணைவியார் இலட்சுமிபாய் தம் நகைகளை ஒவ்வொன்றாய் அளித்து, இறுதியில் மங்கலநாணையும் விற்கத் தந்தார். 1924இல் சாத்தாராவில் தொடங்கிய விடுதியில் எல்லாச் சாதி மாணவரும் ஒன்றாய் உண்டு, ஒன்றாய் உறங்கினர். 1927இல் காந்தியடிகள் அங்கு வருகை தந்து வாழ்த்தினார்.

இவ்விடுதி மாணவர் பிறர் உழைப்பில் வாழவில்லை. நிலத்தைக் கொத்தினர், தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டனர். 1940இல் சாத்தாராவில் தோன்றிய மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளியில் உழைத்துக்கொண்டே கற்கும் இம்முறை நிலைபெற்றது. கட்டணம் கட்ட இயலாத மாணவன் இரந்து நிற்காமல், தன் கையை நம்பித் தலைநிமிர்ந்து கற்றான். ஆலமரத்தைச் சின்னமாகக் கொண்ட அக்கழகம், இன்று நூற்றுக்கணக்கான பள்ளிகளாகவும் கல்லூரிகளாகவும் விழுதூன்றி நிற்கிறது.

இனி நம் தாயகத்தை நோக்குவோம். காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956இல் எட்டயபுரத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு மதிய உணவளிக்கும் பணி ஊராரின் கொடையால் தொடங்கிற்று. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராய்ச் சென்று அதனை இயக்கமாக்கினார். அடுத்த ஆண்டில் அரசும் செலவில் பங்கேற்றது. 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பின்னர் மாவட்டந்தோறும் இத்தகைய மாநாடுகள் நிகழ்ந்தன. தம் பள்ளிக்கு இன்னது வேண்டுமென்று ஊராரே பட்டியலிட்டு, கட்டடம், பலகை, கரும்பலகை, சீருடை எனத் தம்மால் இயன்றதை அளித்தனர். சாத்தாராவும் எட்டயபுரமும் ஒன்றையொன்று பார்த்து நடந்தன என்று நாம் கூறவில்லை. பசித்த பிள்ளையைக் கண்ட ஊர், எம்மொழி பேசினும் ஒரே வழியைத்தான் கண்டது என்கிறோம்.

ஒன்று மட்டும் தெளிவாதல் வேண்டும். ஊரார் கொடை அரசின் கடமைக்கு மாற்றாகாது. 1982இல் சத்துணவுத் திட்டம் பரந்த அளவில் தொடங்கியபோது அரசே பொறுப்பை ஏற்றதும் அதனாலன்றோ? பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதும் நம் கருத்தன்று. ஆயினும் செலவை அரசு ஏற்றாலும், நாமே கட்டணமாகச் செலுத்தினாலும், பள்ளியின்மீது கொள்ளும் உரிமையுணர்வை எவரும் விலைக்கு வாங்கித் தர இயலாது. தானியம் அளித்த தாய் அப்பள்ளியைத் தன் பள்ளி என்றாள். நிலத்தைக் கொத்திய மாணவனும் அவ்வாறே கூறினான். இன்று நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவ்வாறு கூறுவர்?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் தொடக்கக் கல்விக்கென அமையும் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும் என்கிறது. அவ்விருக்கைகள் நமக்கும் உரியவை. ‘நமக்கு மராத்தி சரளமாக வராது, இது நம் ஊரன்று’ என்று ஒதுங்கினால், அவ்வொதுக்கம் நம் பிள்ளைகளையும் பற்றும்.

துக்காராமின் பல்லக்கு தேகுவை நீங்கிப் பண்டரிபுரம் செல்லும் வழியில் முதலில் தங்குமிடம் நம் ஆகுர்டி. முன்பின் அறியாத அடியார்க்கு ஆண்டுதோறும் சோறும் நீரும் அளிக்கும் ஊர், நம்மையும் ஏற்றுக்கொண்டது. அதற்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? நம் உயர்வகுப்பு மாணவர் வாரம் ஒரு மணி நேரம் இளையோர்க்குக் கணக்குச் சொல்லித் தரலாம். புதிதாய் வந்த தமிழ்ப் பிள்ளைக்கு மராத்தி எழுத்தைக் கற்பிக்கலாம். பள்ளி நூலகத்தை ஒழுங்குபடுத்தலாம். பெற்றோராகிய நாம் கூட்டங்களுக்குத் தவறாது சென்று, நம் பிள்ளைக்காக மட்டுமன்றி எல்லாப் பிள்ளைகளுக்காகவும் பேசலாம். அன்று கேட்டது ஒரு பிடி தானியம். இன்று வேண்டுவது ஒரு பிடி நேரம். அதனை அளிக்க இயலாத இல்லம் நம் குடியிருப்பில் ஒன்றேனும் உண்டோ?