தடியில் அடித்த முத்திரை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுட்டு இருந்த விஷயம். போன மாசம் நாமக்கல் போயிருந்தப்பதான் மறுபடி ஞாபகம் வந்துச்சு. மாமாவோட பட்டறையில உட்கார்ந்து டீ குடிச்சுட்டு இருந்தேன். லாரி பாடி கட்டுற பட்டறை. மூலையில ஏதோ மெஷின் வந்த பெட்டியைப் பிரிச்ச பலகைங்க கிடந்துச்சு. அதுல ஒண்ணைத் தூக்கிட்டு வந்து மாமா பையன் கேட்டான்: "அண்ணா, இதுல என்னமோ கருகக் கருக முத்திரை குத்தியிருக்கே, என்னது?"

பார்த்தேன். ஒரு கட்டம், உள்ள கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்துல ரெண்டெழுத்து நாட்டுக் குறி, ஒரு நம்பர், கடைசியா ஹெச்.டி.ன்னு ரெண்டெழுத்து. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள மாமா முந்திக்கிட்டார். "அந்த முத்திரையோட அருமை எனக்குத்தான்டா தெரியும். ஒரு முத்திரை இல்லாம ஒம்போது நாள் நான் பட்ட பாடு..."

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க.

1994ல நடந்தது. ஏலத்துல எடுத்த தேக்குத் தடிகளை வேற ஒருத்தர்கிட்ட இருந்து மாமா வாங்கி லோடு ஏத்திட்டு வந்தார். வழியில ஒரு செக்போஸ்ட்ல நிறுத்தினாங்க. பாஸ் இருக்கு, நம்பர் இருக்கு, அளவும் சரி. ஆனா ரெண்டு தடியில முத்திரை மட்டும் இல்லை. என்ன ஆச்சுன்னா, தடியோட முனை வெடிச்சிருந்ததால, ஏத்துறதுக்கு முன்னாடி யாரோ நல்ல எண்ணத்துல அரை அடி அறுத்துத் தள்ளிட்டாங்க. முத்திரை அந்த அரை அடியோட போயிடுச்சு! ஒன்பது நாள் கழிச்சு மரம் வந்து சேர்ந்தது. அதுக்குள்ள பாடி கட்டச் சொன்னவர் வேற பட்டறைக்குப் போயிட்டார்.

மரத்துக்கு அடையாளக் குறி போடறதோட சரித்திரம் பூரா இந்த ஒரு சிக்கலுக்குள்ள அடங்கிடும்னு எனக்குத் தோணுது. மாட்டுக்குச் சூடு போட்டா சாகிற வரைக்கும் இருக்கும். மரம் அப்படி இல்லை. அறுக்க அறுக்கத்தான் அது பொருளாகும். அறுக்க அறுக்க குறி தொலையும். அப்புறம் இது யாரோட மரம்னு எப்படிச் சொல்றது?

வனத்துறைக்காரங்க பழைய காலத்துலயே இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. வெட்டப் போற மரத்துல ரெண்டு இடத்துல பட்டையைச் செதுக்குவாங்க. ஒண்ணு நெஞ்சு உயரத்துல, இன்னொண்ணு வேர்கிட்ட, தரையை ஒட்டி. முகத்துல எழுத்தோ சின்னமோ புடைப்பா இருக்கிற சுத்தியலால அங்க ஒரு அடி. மரத்தை வெட்டினா மேல் குறி தடியோட போயிடும், கீழ்க் குறி அடிக்கட்டையில நிக்கும். பின்னாடி வர்ற அதிகாரி அடிக்கட்டைகளை எண்ணிப் பார்த்தாலே போதும். குறி இல்லாத அடிக்கட்டை இருந்தா அது திருட்டு வெட்டு. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க!

குறி போட்டதுக்காக அடிதடியே நடந்திருக்கு. இங்கிலாந்து கப்பல் படைக்குப் பாய்மரம் வேணும்னு, 1691ல மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்குக் கொடுத்த சாசனத்துல ஒரு விதி சேர்த்தாங்க. தரையில இருந்து ஒரு அடி உயரத்துல 24 அங்குலம் விட்டம் இருக்கிற மரமெல்லாம் ராஜாவோடதாம். அப்படிப்பட்ட பைன் மரங்கள்ல கோடாரியால மூணு வெட்டு, அம்புக்குறி மாதிரி. உன் நிலத்துல நின்னாலும் அது உன் மரம் இல்லை. 1772 ஏப்ரல்ல நியூ ஹாம்ப்ஷயர்ல வேர்ங்கிற ஊர்ல, இந்த மரத்தை வெச்சிருந்ததுக்காகக் கைது பண்ண வந்த ஷெரீப்பை ஜனங்க முகத்துல கரி பூசிக்கிட்டு வந்து அடிச்சு விரட்டினாங்க. அவர் குதிரையோட வாலைக்கூட விட்டு வைக்கலை, கத்தரிச்சு அனுப்பினாங்க :-) பாஸ்டன்ல தேயிலையைக் கடல்ல கொட்டினது அதுக்கு அடுத்த வருஷம்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை பர்மாவோடது. செட்டிநாட்டு வீடுகள்ல கட்டிப்பிடிக்க முடியாத தூண் தூணா நிக்குதே, அந்தத் தேக்கு வந்த ஊர். பச்சைத் தேக்கு தண்ணியில சரியா மிதக்காது. அதனால மரத்தைச் சுத்திப் பட்டையை வெட்டிவிட்டு, ரெண்டு மூணு வருஷம் நின்னபடியே காய விடுவாங்க. அப்புறம் வெட்டி, யானையை வெச்சு ஓடைக்கு இழுத்து, மழைக்காலத்து வெள்ளத்துல விட்டுடுவாங்க. பல கம்பெனித் தடிகள் ஒரே ஆத்துல கலந்து வரும். கீழே பிடிச்சு நிறுத்துற இடத்துல எது யாருதுன்னு சொல்ல சுத்தியல் முத்திரை ஒண்ணுதான் சாட்சி. குறி இல்லாம மிதந்து வந்த தடி அரசாங்கத்துக்குச் சேரும்னு சட்டமே இருந்துச்சு. 1927 இந்திய வனச் சட்டத்துலயும் அந்த விதி இருக்கு.

இந்தத் தடிக் கணக்கு ஒரு ராஜாவோட சிம்மாசனத்துக்கே உலை வெச்சது. 1885 ஆகஸ்ட்ல, பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் நிங்யான் காட்டுல இருந்து காட்டின கணக்கை விட அதிகமா தடி எடுத்துட்டுப் போச்சுன்னு மன்னர் தீபாவோட மந்திரி சபை தீர்ப்பு சொல்லி, 23 லட்ச ரூபாய் அபராதம் போட்டுச்சு. பிரெஞ்சுக்காரங்க உள்ள வந்துடுவாங்களோன்னு ஏற்கனவே பயந்துட்டு இருந்த ஆங்கிலேயர்களுக்கு அது நல்ல சாக்கு. நவம்பர்ல சண்டை. அந்த மாசம் முடியறதுக்குள்ள மாண்டலே போச்சு. தீபாவை ரத்னகிரிக்கு அனுப்பிட்டாங்க. யாரோட எண்ணிக்கை சரின்னு தடிகள்தான் சொல்லியிருக்கணும். ஆனா பீரங்கி இருக்கிறவன் கணக்குதான் கடைசியில நின்னுச்சு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சென்னை மாகாணத்துல 1856ல வனத்துறை வந்துச்சு, ஹியூ கிளெக்ஹார்ன் தலைமையில. 1882ல மதராஸ் வனச் சட்டம். அந்த வனச் சட்டத்துக்கு முன்னாடியே, 1860 இந்திய தண்டனைச் சட்டத்துல 'சொத்துக் குறி'ன்னு தனியா பிரிவு போட்டு, பொய்க் குறி போடறது குற்றம்னு எழுதிட்டாங்க. 2024 ஜூலையில அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தப்பவும் சொத்துக் குறி மட்டும் அப்படியே வந்து உட்கார்ந்துக்கிச்சு. ஆத்துல மிதந்த தடிக்கும் லாரியில வர்ற தடிக்கும் ஒரே நியாயம்தான்.

ஆனா சேலம் பக்கத்துல முத்திரைன்னாலே ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது தேக்கு இல்லை, சந்தனம். 1792ல திப்பு சுல்தான் மைசூர்ல சந்தனத்தை ராஜ மரம்னு அறிவிச்சார். அதே வருஷம்தான் ஸ்ரீரங்கப்பட்டண ஒப்பந்தத்துல சேலமும் பாராமகாலும் அவர் கையை விட்டுக் கம்பெனிக்குப் போச்சு. ஆள்றவங்க மாறினாங்க, சந்தனம் சர்க்கார் மரம்ங்கிற எண்ணம் மாறலை. சேலம், திருப்பத்தூர், சத்தியமங்கலம் கிடங்குகள்ல ஏலம் விட்டது எல்லாம் நம்ம அப்பா காலத்துக் கதை.

சந்தனத்துல அடிக்கட்டை வித்தை பலிக்காது. ஏன்னா வேர்லயும் எண்ணெய் இருக்கு, அதனால மரத்தை வெட்ட மாட்டாங்க, வேரோட தோண்டி எடுப்பாங்க. அடிக்கட்டையே நிக்காது! அப்ப எப்படிக் கணக்கு வெக்கிறது? மரத்துக்கு முன்கூட்டியே நம்பர் போட்டு, அந்த நம்பரும் எடையும் துண்டோட கூடவே போகும். கிடங்குல 18 தரமாப் பிரிப்பாங்க. முதல் தரத்துக்குப் பேரு விலாயத் புத். அடுத்தது சைனா புத். அதுக்கடுத்து பஞ்சாம். முதல் தரம்னா ஒரு டன்னுக்கு 112 துண்டுக்கு மேல போகக் கூடாது. ரெண்டாவது 224. மூணாவது 448. இதென்ன விசித்திரமான நம்பர்னு யோசிச்சேன். பழைய ஆங்கில டன்னுக்கு 2240 பவுண்டு. வகுத்துப் பாருங்க: ஒரு துண்டு 20 பவுண்டு, 10 பவுண்டு, 5 பவுண்டு. வெள்ளைக்காரன் போய் கிலோ வந்த பிறகும் அவன் தராசு சந்தனக் கட்டைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு!

இதுல எங்க வீட்டுக் கதையும் ஒண்ணு இருக்கு. என் அப்புச்சிக்குக் கொல்லிமலை அடிவாரத்துல கொஞ்சம் காடு. சந்தனம் யாரும் நட்டு வர்றது இல்லை, குருவி எச்சம் போட்டு வர்றது. அப்படி வேலியோரமா ஒரு கன்னு முளைச்சு என் உயரத்துக்கு நின்னுச்சு. 1987ன்னு நினைக்கிறேன், முழுப் பரீட்சை லீவு. ஒரு நாள் சாயங்காலம் அப்புச்சி கடப்பாரையோட போய் அதைப் பிடுங்கிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்துல போட்டார். நான் அழுதேன்.

"ஏனுங்க அப்புச்சி பிடுங்கினீங்க? வாசமா இருக்குமே!"

"அது நம்ம மரம் இல்லைங் கண்ணு. சர்க்கார் மரம். வளர்ந்துச்சுன்னா எவனாவது ராத்திரி வெட்டிட்டுப் போவான், காலையில போலீசு நம்மளைக் கேக்கும். மரமும் வேண்டாம், அந்தக் கேள்வியும் வேண்டாம்."

அம்மாயி ஒண்ணும் பேசலை. அந்தக் குச்சிங்க எரிஞ்சப்ப வாசம்கூட வரலை. வைரம் பாயாத இளங்கன்னுல ஏது வாசம்?

2002 சட்டத் திருத்தம் வரைக்கும் தமிழ்நாட்டுல பட்டா நிலத்துச் சந்தனமும் அரசாங்க மரமாத்தான் நடத்தப்பட்டுச்சு. அதுக்கப்புறம்தான் உரிமை நிலத்துக்காரருக்கு வந்தது. 2008ல தனியா விதிகள் போட்டாங்க. இன்னும் வெட்டறதும் விக்கிறதும் வனத்துறை வழியாத்தான், ஆனா மரம் உன்னோடது. அப்புச்சி 1999லயே போயிட்டார். அவரை மாதிரி எத்தனை பேர் எத்தனை கன்னைப் பிடுங்கினாங்களோ, அதுக்கு எந்தக் கிடங்குலயும் கணக்கு கிடையாது. மரத்தைக் காப்பாத்தறதுக்காகப் போட்ட குறி, மரத்தையே ஜனங்களுக்கு வேண்டாததா ஆக்கிடுச்சு.

சரி, இப்ப மெஷின் காலம். ஸ்வீடன், ஃபின்லாந்து காடுகள்ல ஒரே வண்டி மரத்தைப் பிடிச்சு, வெட்டி, கிளை கழிச்சு, அளந்து, துண்டு போட்டுடும். தடி முனையில ரகத்துக்கு ஒரு கலர் சாயமும் பீச்சும். அளவு பூரா கம்ப்யூட்டர்ல ஏறிடும். அறுவை மில்லுல தடி உள்ள போகும்போது ஸ்கேனர் படிக்கும், பலகையா வெளிய வரும்போது இங்க்ஜெட் மெஷின் முனையில புதுக் குறி அச்சடிக்கும். அதாவது மாமாவோட அரை அடிப் பிரச்சினைக்குத் தீர்வு: அறுக்கிறதுக்கு முன்னாடி படி, அறுத்த உடனே மறுபடி எழுது. ஒரு தடி இருபது பலகையானா, இருபது பிள்ளைக்கும் அப்பா பேர் தெரியணும்.

2006ல இருந்து 2010 வரைக்கும் ஐரோப்பாவுல 'இன்டிஸ்ப்யூட்டபிள் கீ'ன்னு ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடந்தது. ரேடியோ சில்லு வெச்ச சின்ன ஆப்பைத் தடி முனையில அடிச்சு வெக்கிறது. அதுல ஒரு சங்கடம். இரும்பு ஆணின்னா ரம்பப் பல் போயிடும், பிளாஸ்டிக்னா மரக்கூழ்ல கலந்து காகிதத்தைக் கெடுத்துடும். நம்ம பள்ளிபாளையம் காகித ஆலைக்காரங்களைக் கேட்டா தெரியும் கூழ் சுத்தமா இருக்கணும்கிறது எவ்வளவு முக்கியம்னு. அதனால மரத்தோட மரமாக் கரையற பொருள்ல அந்த ஆப்பைச் செஞ்சாங்க. இன்னும் ஒரு படி மேல போய், குறியே வேண்டாம், கணுக்கள் அமைஞ்சிருக்கிற விதமே கைரேகை மாதிரி, அதைப் படம் பிடிச்சு அடையாளம் கண்டுபிடிச்சுக்கலாம்னும் ஆராய்ச்சி நடக்குது. டி.என்.ஏ. சோதனையும் வந்தாச்சு. அறுத்தாலும் போகாத முத்திரை!

மாமா பையன் கொண்டு வந்த பலகைக்கு இன்னும் பதில் சொல்லலையே. 1996ல நியூயார்க்ல, சரக்குப் பெட்டி மரத்தோட வந்து இறங்கின ஆசிய வண்டு ஒண்ணு அங்க இருந்த மேப்பிள் மரங்களைத் துளைக்க ஆரம்பிச்சிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க. இந்த மாதிரி பூச்சிங்க ஊர் விட்டு ஊர் போறதைத் தடுக்க 2002ல ஒரு சர்வதேச விதி வந்துச்சு. பெட்டி மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு, 30 நிமிஷம். அப்படிச் சூடு காட்டினதுக்கு அடையாளம்தான் அந்த ஹெச்.டி. ரெண்டெழுத்து நாட்டோட குறி, நம்பர் சூடு காட்டினவரோட குறி. சுத்தியல் 'யாருது'ன்னு கேட்டுச்சு, இந்த முத்திரை 'உள்ள என்ன ஒளிஞ்சிருக்கு'ன்னு கேக்குது.

எல்லாம் கேட்டுட்டு மாமா பையன் சொன்னான்: "அப்ப இனிமே ஏமாத்த முடியாதுன்னு சொல்லுங்க."

மாமா டீ கிளாசைக் கீழ வெச்சார். "அட போடா. முத்திரை பொய் சொல்லாது. அதைப் பிடிச்சிருக்கிற கை சொல்லும். அன்னிக்கு அந்த ரெண்டு தடியும் உண்மையான தடிதான். ஒருத்தராவது அடிக்கட்டையைப் போய்ப் பார்த்தாங்களா?"

அவர் சொன்னதும் சரிதான். கீழ்க் குறின்னு ஒண்ணு வெச்சதே, யாராவது காட்டுக்குள்ள நடந்து போய்ப் பார்ப்பாங்கன்னு நம்பித்தானே? சில்லு வெச்சாலும், கைரேகை எடுத்தாலும், நடந்து போய்ப் பார்க்க ஒரு ஆள் வேணும்.

அந்தப் பலகையை மாமா வீணாக்கலை. முத்திரை தெரியற மாதிரியே பட்டறையில சாமி படத்துக்கு ஒரு தட்டு அடிச்சு வெச்சிருக்கார் :-)

சரி மக்களே, பதிவு நீண்டு போச்சு. அடுத்த தடவை மரவாடிப் பக்கம் போனீங்கன்னா தடியோட முனையை ஒரு தரம் குனிஞ்சு பாருங்க.