மயில், பாம்பு, மகன்

வங்கி உத்தியோகத்தில் ஊர் ஊராகச் சுற்றி, இப்போது நாசிக்கில் ஜாகை. நான் பி.காம். ஆசாமி, கணக்கு என்றால் பற்று, வரவு அவ்வளவுதான். தப்பிருந்தால் கணக்கு வாத்தியார்கள் மன்னிக்க :-)

எட்டாவது படிக்கும் மகனிடம் டியூஷனில் ஒரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். இவன் 'பார்த்துக் கற்கும் வகை'யாம். வாக்கியக் கணக்கு இவனுக்குச் சரிப்படாதாம். அன்றிலிருந்து அந்த மாதிரிக் கணக்கு வந்தாலே பயல் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான். "நான் அந்த டைப் இல்லப்பா." பதின்மூன்று வயதில் இப்படி ஒரு முத்திரை!

எனக்கு உடனே பாட்னாதேவி ஞாபகம் வந்தது. பீகார் பாட்னா இல்லைங்க. இங்கே ஜல்காவ் மாவட்டத்தில், சாளிஸ்காவ் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் கோயில். அங்கே 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாஸ்கராச்சாரியாரின் பேரன் சாங்கதேவர், யாதவ மன்னர் சிங்கணரின் ஜோதிடர், தாத்தாவின் நூல்களைக் கற்பிக்க மடம் வைத்ததையும், அதற்கு மானியம் விடப்பட்டதையும் அது சொல்கிறது. கணக்குப் பாடத்துக்கு அந்தக் காலத்திலேயே ஒரு வைப்புநிதி! (வங்கிக்காரன் புத்தி.)

அந்த நூல்களில் ஒன்றுதான் 1150 வாக்கில் எழுதப்பட்ட லீலாவதி. விதியும் செய்யுள், கணக்கும் செய்யுள். காதால் கேட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு பலகையில் மண்ணைப் பரப்பி, எண்களை எழுதி, அழித்துப் போட வேண்டும். அதனால்தான் இதற்குப் 'பாடீ கணிதம்' என்று பெயர். பாடீ என்றால் பலகை. ஆக ஒரே கணக்கு காது, கை, கண் மூன்றிலும் புகுந்து வந்தது. நீ காது வகை, நீ கண் வகை என்று பிள்ளைகளைப் பிரிக்கவில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். 9 முழத் தூணின் மேல் மயில். தூணடியில் பாம்புப் புற்று. 27 முழம் தள்ளிப் பாம்பு புற்றை நோக்கி வருகிறது. மயில் சாய்வாகப் பாய்கிறது. இரண்டும் சம தூரம் போனால், புற்றிலிருந்து எத்தனை முழத்தில் பாம்பு பிடிபடும்?

பாஸ்கரர் வழி: 9ன் வர்க்கம் 81. அதை 27ஆல் வகுத்தால் 3. 27ல் 3 போக 24. அதில் பாதி 12.

அதே பகுதியில் முறிந்த மூங்கில், குளத்துத் தாமரை, குரங்குகள் என்று வேறு கணக்குகளும் உண்டு. எல்லாம் செங்கோண முக்கோணம்தான்; வேஷம் மட்டும் வேறு. வேஷத்தைத் தாண்டி உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே பயிற்சி. அதற்குத் தனி வகை மூளை தேவையில்லை, பழக்கம் போதும்.

இன்றைய ஆராய்ச்சியும் இதற்கு விரோதமில்லை. 2008ல் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு அமெரிக்க உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். மாணவனின் கற்கும் பாணிக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் அதிகம் கற்பான் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் இருக்கலாம். அது திறமையின் எல்லை ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை மயில் கணக்கை அவனுக்குக் கதையாகச் சொன்னேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னான். அப்புறம் படம் போட்டான். அரை மணி நேரம் சத்தமே இல்லை.

"அப்பா, 12 முழம். மயிலும் 15, பாம்பும் 15. சரியா வருது!"

மறுநாள் தாமரைக் கணக்கு கேட்டு வாங்கிக்கொண்டான். படம் போட்டது அந்த டியூஷன் தாளின் பின்பக்கத்தில்!