மன்னார்க் கிணறுகளும் மலேரியாவின் பூச்சியமும்

இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. உள்நாட்டுத் தொற்றுக்கு ஆளான கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவாகியிருந்தார். அறிவிப்பு வந்த அதே ஆண்டு முடியும் தறுவாயில், இந்நாட்டில் அதுவரை பதிவாகாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு மன்னார்த் தீவுக் கிணறுகளில் அகப்பட்டது. அங்கு நோயாளி எவரும் இல்லை. நோய்காவி மட்டுமே முதலில் தெரிந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் உள்ள பூச்சியத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டின் மலேரியா நிலையை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நோயாளி எப்போதும் பிந்தி வரும் செய்தி. கிருமி நுளம்பின் உடலில் முதிர ஏறத்தாழ 10 நாள். மனித உடலில் காய்ச்சலாக வெளிப்பட மேலும் ஏறத்தாழ இரண்டு வாரம். வைவாக்ஸ் வகையென்றால் ஈரலில் மாதக்கணக்கில் பதுங்கியும் கிடக்கும். இந்தத் தாமதத்துக்கு இலங்கை ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே இருந்தனர். மருந்து தெளிப்பு நின்றது, இரத்தப் பரிசோதனை தளர்ந்தது. 1969 ஆனபோது நோயாளிகளின் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. 2016இல் அது நிகழாததற்குக் காரணம், வெற்றி அறிவிக்கப்பட்ட பின்னும் மலேரியா தடுப்பு இயக்கத்தினர் கிணற்றுக்குள் பார்ப்பதை விடாததுதான்.

அந்தப் பார்வைக்குப் பொறுமை வேண்டும். வாளியை மெல்லச் சாய்த்து மேல்நீரை அள்ளி, வெள்ளைத் தட்டில் ஊற்றுவார்கள். கியூலெக்ஸ் குடம்பி மூச்சுக்குழலை நீர்ப்பரப்பில் வைத்துத் தலைகீழாகத் தொங்கும். அனோபிலிஸ் குடம்பிக்கு அந்தக் குழல் கிடையாது. நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும். ஆள் நிழல் விழுந்தால் அடிக்குப் போய்விடும், திரும்பி மேலே வரும்வரை காத்திருக்க வேண்டும். அனோபிலிசுக்குள்ளும் எந்த இனம் என்பதைப் பின்னர் நுணுக்குக்காட்டியும் மரபணு ஆய்வும்தான் தீர்மானிக்கும்.

இனத்தை அறிவது வெறும் பெயர் சூட்டல் அன்று. இலங்கையின் பழைய நோய்காவியான அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் ஆற்றுப் பள்ளங்களில் தேங்கும் நீரில் பெருகும். 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டதற்கு மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளானது முதற்காரணம். ஸ்டீபன்சியோ ஆற்றை நம்பி வாழ்வதில்லை. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் நெடுங்காலமாகப் பழகியது. மனிதர் சேமிக்கும் நீர் இருந்தால் கோடையிலும் பெருகும். மன்னார்ப் பகுதியின் அருவி ஆற்றையும் கட்டுக்கரைக் குளத்தையும் மட்டும் பார்த்துத் தீவின் ஆபத்தைக் கணிக்க இனி முடியாது. ஜிபூட்டியில் 2012இல் இந்த நுளம்பு கண்டறியப்பட்டபோது 27 நோயாளிகள் இருந்தனர். 2020இல் 73,000க்கு மேல். கிருமி வந்துசேரும் வழியும் அடைபடவில்லை. மன்னார்க் கண்டுபிடிப்புக்குப் பின்னர், 2018இல், மொனராகலையில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. (கடல் தாண்டி வந்தவர்கள்மீது பழி போட இது போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நுளம்பு கடவுச்சீட்டுப் பார்த்து ஏறுவதில்லை.)

அப்படியானால் பாவிக்காத கிணறுகளை மூடிவிடலாமே என்பது சுலபமான விடை. மீன் விடுதல், மருந்திடுதல், வலையால் மூடுதல் ஆகியவற்றோடு அதுவும் கையாளத்தக்க வழிதான். ஆனால் மன்னார் மணற்தீவு. மழைநீர் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பதாலேயே அங்கு குடிநீர் கிடைக்கிறது. ஓரிடத்தில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். பல கிணறுகளில் சிறிது சிறிதாக அள்ளுவது இந்த நிலத்துக்கு ஏற்ற முறை. அதோடு, 1990இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதாலும் போர்க்கால இடப்பெயர்வுகளாலும் வெறுமையான வளவுகளில், கிணறு உரிமையின் அடையாளமுங்கூட. வராத உரிமையாளரின் கிணற்றை ஓர் அதிகாரி மூடுவது சுகாதாரச் செயலாக மட்டும் பார்க்கப்படாது.

குழாய்நீர் வந்தால் சிக்கல் தீரும் என்பதும் பாதி உண்மையே. குழாய் வந்த வீட்டில் கிணறு கைவிடப்படும், நீர் ஒழுங்காக வராத நாட்களுக்காகத் தொட்டி வைக்கப்படும். இரண்டுமே ஸ்டீபன்சிக்கு வசதி. ஆகவே நீர் வழங்கல் சபை இணைப்புக் கொடுக்கும் ஒவ்வொரு வளவிலும் உள்ள கிணறு, அது பாவனையில் உள்ளதா, தொட்டிக்கு மூடி உண்டா என்ற விபரங்கள் அதே நாளில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கைக்குப் போக வேண்டும். உரிமையாளர் இல்லாத கிணறுகளுக்கு, மூடுவதற்கு முன் நுண்கண் வலையும் மீனும் போதும்.